அறுபத்திரண்டு வரட்டிகளும் ஒரு கையுறையும்

மனிதன் பொய் சொல்வான். அவன் விரல் பொய் சொல்லாது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிற விரல்ரேகை, சிதையில் வைக்கிறவரை மாறுவதில்லை. இரண்டு பேருக்கு ஒரே ரேகை அமைந்ததாக உலக சரித்திரத்தில் எங்கும் குறிப்பு இல்லை. இந்த மகத்தான உண்மைக்கென்று முதன்முதலில் ஓர் அலுவலகம் திறந்தது நம் கல்கத்தாவில்தான். அங்கிருந்து லண்டன் வரை போய், கண்டம் விட்டுக் கண்டம் கொலைகாரர்களை நடுங்க வைத்த அந்தச் சாஸ்திரம், 1956-ஆம் வருஷம் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், ஆலங்கழிக்குப்பம் போலீஸ் ஸ்டேஷனின் கிழக்குச் சுவரில், அறுபத்திரண்டு வரட்டிகளுக்கு எதிரே வந்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் வேதாந்தத்தின் உருவத்தில்.

சுவருக்கு வெள்ளையடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை டி.எஸ்.பி. வாசுதேவன் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். செங்கல்பட்டில் புதிதாக ஒரு ரேகைப் பிரிவு திறக்கப்போகிறார்கள். அதற்குத் தலைவராக யாரைப் போடுவது என்பது அவர் கையில். பட்டணத்தில் மூன்று வாரம் ரேகைப் பயிற்சி முடித்து, ஒரு பூதக்கண்ணாடியுடன் திரும்பியிருந்த வேதாந்தம், அது தன்னைத் தவிர வேறு யாருக்கும் போக நியாயமில்லை என்று நினைத்தார். இந்தக் குப்பத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டு மாதமாகக் கருவாட்டு வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டே சமைத்துவந்த அவர் மனைவி காமுவும் அப்படியே நினைத்தாள். பாதிச் சாமான்களை மூட்டை கட்டியும் விட்டாள்.

"சின்னராசு!"

"ஐயா." கான்ஸ்டபிள் சின்னராசு ஓடி வந்தார்.

"இது என்ன?"

"வரட்டிங்க."

"அது எனக்கும் தெரிகிறது. யார் வேலை?"

"முனியம்மா வேலைங்க. நம்ப ஸ்டேஷனைப் பெருக்குதே, அதான்."

"நீ பார்த்தாயா?"

"பாக்க இன்னாங்க கீது? எப்பவும் அதான் தட்டுது. இந்தச் செவுத்துலதான் வெயில் நல்லா வுழுது."

"'எப்பவும்' என்பது சாட்சியம் ஆகாது" என்று சொல்லிவிட்டு வேதாந்தம் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

எடுத்தவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு வரட்டியிலும் ஒரு முழு உள்ளங்கை, ஐந்து விரல்கள். பயிற்சியில் அவருக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு கண்ணாடி டம்ளரும் அதன்மேல் அரை விரலும்தான். வங்காளத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜரின் வீட்டில் புகுந்தவன், பஞ்சாங்கத்தில் விட்டுப்போன ஒரே ஒரு கட்டைவிரலால் அகப்பட்டான் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். இங்கே ஒருவன் அறுபத்திரண்டு தடவை கையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

ஆனால் பூதக்கண்ணாடிக்குள் ரேகை இல்லை. வளையம் இல்லை, சுழி இல்லை, வில் இல்லை. மெழுகு பூசினாற்போல் வழவழவென்று இருந்தது.

வேதாந்தம் நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கையுறை."

"இன்னா உறைங்க?"

"கையில் மாட்டிக்கொள்கிற உறை. கைதேர்ந்த குற்றவாளிகள் ரேகை பதியாமலிருக்கப் போட்டுக்கொள்வார்கள்."

"சாணி தட்டவா?"

"அடையாளம் தெரியாமலிருக்க!"

சின்னராசு யோசித்தார். அவருக்குத் தெரிந்தவரை சாணி தட்டுகிறவர்களுக்குக் கையைப் பற்றி இருந்த ஒரே கவலை, சோறு உண்பதற்குமுன் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

முனியம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பத்து வயதில் உப்பளத்தில் இறங்கி, முப்பது வருஷம் உப்பு வாரி, முழங்கால் மறுத்த பிறகு ஸ்டேஷன் பெருக்க வந்தவள்.

"நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை அதிகம் பேசக்கூடாது" என்றார் வேதாந்தம்.

"கேளு சாமி."

"இந்த வரட்டிகளைத் தட்டியது யார்?"

"நான்தான்."

வேதாந்தத்தின் முகம் சுருங்கியது. ஒரு வழக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோவது சாஸ்திரத்துக்கே அவமரியாதை.

"அதை நீ சொல்லக்கூடாது. உன் விரல் சொல்ல வேண்டும்."

முனியம்மாவின் பத்து விரல்களிலும் மை உருட்டி, காகிதத்தில் பதித்தார்கள். பத்து நாவல்பழங்களை நசுக்கினாற்போல் பத்துக் கறுப்புத் திட்டுகள் விழுந்தன. மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி பதித்தார்கள். மறுபடி பத்து நாவல்பழம்.

"ரேகை எங்கே?"

"தேஞ்சி பூட்ச்சி சாமி. முப்பது வருசம் உப்பு வாரின கை. அல்லாத்தியும் உப்பு தின்னுட்ச்சி."

வேதாந்தம் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு ரேகைகள் ஒரே ஆளுடையவை என்று சொல்ல வேண்டுமானால் பன்னிரண்டு அம்சங்கள் ஒத்திருக்க வேண்டும். வரட்டியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பெரிய நோட்டில் எழுதினார்: 'ஒத்த அம்சங்கள்: பூஜ்யம்.'

"பன்னிரண்டு வேண்டும். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. முனியம்மா, நீ குற்றமற்றவள்."

"இன்னா சாமி சொல்ற?"

"இதை நீ தட்டவில்லை."

"நான் தட்டலியா? அப்ப நேத்து இந்தச் செவுத்தாண்ட குந்திகினு இருந்தது யாரு, என் சக்களத்தியா?"

"சாஸ்திரப்படி அது நீ இல்லை."

"ஐயா" என்று சின்னராசு குறுக்கே வந்தார். "வரட்டியிலயும் ரேகை இல்ல, இது கையிலயும் ரேகை இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தானுங்களே கீது?"

வேதாந்தம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இல்லாததும் இல்லாததும் எப்படியய்யா ஒன்றாகும்? உன்னிடம் மோட்டார் கார் இல்லை. என்னிடமும் இல்லை. இரண்டும் ஒரே காரா?"

அன்று பூராவும் சின்னராசு அந்தக் காரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

அறுபத்திரண்டு வரட்டிகளும், அரைகுறை ஈரத்தில் புதுச் சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு, சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, அரக்கு உருக்கி, சர்க்கார் முத்திரை குத்தி, லாக்கப்பில் அடுக்கினார்கள். அங்கே சாராயக் கேஸில் இருந்த ஒரு ஆசாமியை, இடநெருக்கடி காரணமாக விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. வரட்டி ஓடிப்போகாது என்பதால் கதவைப் பூட்டவில்லை.

"என் வரட்டிய ஜெயில்ல வெச்சிட்டு என்னிய வெளிய வுட்டுட்டியே! இது இன்னா நாயம்?" என்று முனியம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"உன்னுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை" என்றார் வேதாந்தம், உள்ளேயிருந்து.

சாப்பிட வந்த கணவனிடம் காமு கேட்டாள்.

"ஏன்னா, அவதான் தட்டினேன்னு அவளே சொல்றாளாமே?"

"சொல்லுவா. நாளைக்கு நான்தான் பல்லவ ராஜான்னும் சொல்லுவா. சயன்ஸ்னு ஒண்ணு இருக்கு, காமு. இது பாண்டிச்சேரிக்காரன் வேலை. கடலோரமா சாராயம் கடத்தறவன். கையுறை அங்கேதான் கிடைக்கும்."

"கடத்தறவன் ஏன் வரட்டி தட்டறான்?"

"அப்பத்தானே யாருக்கும் சந்தேகம் வராது."

காமு ரசத்தை ஊற்றினாள். செங்கல்பட்டு முக்கியம்.

புதன்கிழமை, குப்பத்து ஜனங்கள் எல்லாருடைய ரேகையையும் எடுத்துவிடுவதென்று வேதாந்தம் தீர்மானித்தார். எல்லாரையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிறவன் வெளியாள்தானே. தண்டோரா போட்டார்கள். ஜனங்கள் வந்தார்கள். மேஜைமேல் மைப்பலகையையும் காகிதக் கட்டையும் பார்த்ததும் பத்தடி பின்னால் போனார்கள்.

"எதுக்கு சாமி கைநாட்டு?" என்று மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே செங்கம்மாள் கேட்டாள். "எங்க அப்பாரு ஒரு தபா இப்பிடித்தான் கட்டவெரல வெச்சாரு. வூடு நின்ன எடம் பூட்ச்சி."

"இது பத்திரம் இல்லை அம்மா. நன்றாகப் பார், இதில் ஒன்றுமே எழுதவில்லை. வெறும் தாள்."

"வெத்துத் தாளா!"

கூட்டம் இன்னும் இருபதடி பின்னால் போனது.

"எய்தின தாளுன்னா ஒரு வூடுதான் பூடும்" என்று செங்கம்மாள் மற்றவர்களுக்கு விளக்கினாள். "வெத்துத் தாள்ல எத்தினி வூடு வேணா எய்திக்குவாங்க!"

வேதாந்தம் பொறுமையை இழக்கவில்லை. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் தம் கைப்பட, 'இதனால் எவருடைய சொத்துக்கும் பாதகமில்லை' என்று எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார். 'சொத்து' என்ற வார்த்தைதான் எல்லார் காதிலும் விழுந்தது. மத்தியானத்துக்குள் மூன்று குடும்பங்கள் சட்டி பானையோடு படகேறிக் கடப்பாக்கத்து உறவுக்காரர்களிடம் போய்விட்டன.

"பேஜாருங்க" என்றார் சின்னராசு அலுத்துப்போய். "ஜனங்க தாளுக்குத்தான் பயப்படுது. சாணிக்கா பயப்படுது?"

அலுப்பில் சொன்னதுதான். ஆனால் வேதாந்தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சின்னராசு, இன்னொரு தடவை சொல்லு."

வியாழக்கிழமை காலை தண்டோரா மாறியது. கைநாட்டு வேண்டாம், ஆளுக்கு ஒரு வரட்டி தட்டினால் போதும். சர்க்கார் வரட்டி. சாணியும் சர்க்காரே கொடுக்கும்.

குப்பத்தில் மாடு குறைவு. சாணி கடப்பாக்கத்திலிருந்து இரண்டு வண்டியில் வந்தது. அதன் பின்னாலேயே, என்ன இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கக் கடப்பாக்கத்து ஜனங்களும் வந்தார்கள். ஓடிப்போன மூன்று குடும்பங்களும் அதே வண்டியில் திரும்பின.

ஆண்கள் முதலில் தயங்கினார்கள். ஆயுளில் சாணியைக் கையால் தொடாத ஆண்கள். வேலை தெரிந்தவள் ஒருத்தி மேற்பார்வைக்குத் தேவைப்பட்டாள். வேறு வழியில்லாமல், குற்றமற்றவளான முனியம்மாவையே நியமித்தார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வரிசையைச் சுற்றி வந்தாள்.

"இன்னா நைனா, வரட்டி தட்டுறியா, கொயந்தையத் தட்டித் தூங்க வெக்கிறியா? ஓங்கி அடி!"

"ஒட்ட மாட்டேங்குதே, அக்கா!"

"ஒட்டலன்னா வைக்கோல் சேரு. படகு வுடத் தெரியுது, இது தெரியல. உன் பொண்டாட்டி உன்னிய எத்த பாத்துக் கட்டிகினா?"

கிழக்குச் சுவர் பத்து மணிக்கே நிரம்பியது. அப்புறம் தெற்கு. அப்புறம் மேற்கு. பிற்பகலில் முகப்பில் ஏறினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, ஆலங்கழிக்குப்பம் போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளையாக இருந்தது கதவுக்கு மேலே ஒரு சாண் இடம்தான். அதையும் உயரமான ஒரு வலைக்காரர் கவனித்து எட்டித் தட்டினார்.

வேதாந்தம் பூதக்கண்ணாடியுடன் சுவர் சுவராகப் போனார். முந்நூற்று நாற்பது கைகளில் ரேகை இருந்தது. முப்பத்தெட்டில் இல்லை. அந்த முப்பத்தெட்டும் உப்பளத்துக் கைகள், மீன் செதில் உரித்த கைகள், கல் உடைத்த கைகள். வேதாந்தம் நோட்டில் எழுதினார்: 'முப்பத்தெட்டு நபர்கள் தங்கள் ரேகையை அரசாங்கத்துக்குக் காட்ட மறுத்துவிட்டார்கள்.'

பிறகுதான் இரண்டடி பின்னால் வந்து, முதல் முறையாக, ஸ்டேஷனை முழுசாகப் பார்த்தார்.

"சின்னராசு, இதெல்லாம் எப்போது காயும்?"

"நாலு நாளு ஆவுங்க."

"இன்றைக்கே பெயர்த்துவிட்டால்?"

"ஈரத்துல பேத்தா செவுரும் சேந்து வந்துடும்."

வீட்டில் காமு விஷயத்தைக் கேட்டாள். மூட்டையை அவிழ்த்துத் தோசைக்கல்லை வெளியே எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. வேடிக்கை பார்க்கக் குப்பமே கூடியிருந்தது. டி.எஸ்.பி. வாசுதேவன் இறங்கினார். ஸ்டேஷனைப் பார்த்தார். ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார், சரியான ஊருக்குத்தான் வந்தோமா என்பதுபோல. டிரைவர் ஏசுதாஸ் ஜீப்பை நிழலுக்குக் கொண்டுபோனான்.

"வேதாந்தம்! நான் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தது ஸ்டேஷனுக்கா, மாட்டுத் தொழுவத்துக்கா?"

வேதாந்தத்துக்குச் செங்கல்பட்டு கண்ணெதிரே கரைந்தது. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஃபோரென்ஸிக் சயன்ஸ், சார்."

தமக்குத் தெரியாத இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்கிற மேலதிகாரி இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வார். சஸ்பெண்ட் செய்வார், அல்லது தலையாட்டுவார். சுற்றிலும் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாசுதேவன் தலையாட்டினார்.

"அப்படிச் சொல்லும் ஓய். நானும் பார்த்தவுடனே நினைத்தேன்."

வேதாந்தத்துக்கு உயிர் வந்தது. கல்கத்தாவில் ஆரம்பித்து, பஞ்சாங்கத்துக் கட்டைவிரல் வழியாக, கையுறை வரைக்கும் சொன்னார். பன்னிரண்டு அம்சங்களைச் சொன்னார். பூஜ்யத்தைச் சொன்னார். மோட்டார் காரைச் சொன்னார்.

"பேஷ்! இல்லாததும் இல்லாததும் ஒன்றாகுமா?" என்றார் டி.எஸ்.பி. "கையுறை என்ன நிறம்?"

"கறுப்பாக இருக்கலாம், சார்."

"எப்படிச் சொல்கிறீர்?"

"சாணி தெரியாமலிருக்க."

வாசுதேவன் அவர் முதுகில் தட்டினார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படியொரு மூளையைக் கண்டதில்லை என்றார். ரேகைப் பிரிவு உமக்குத்தான், உத்தரவை இங்கேயே எழுதிவிடுகிறேன் என்று மேஜையை வெளியே கொண்டுவரச் சொன்னார். பேனாவைத் திறந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற காமு, தோசைக்கல்லை மறுபடி மூட்டைக்குள் வைக்க வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் தாமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு புதிய சாஸ்திரத்தை விட்டுவைப்பது மேலதிகாரிக்கு அழகல்லவே. வாசுதேவன் பேனாவை நிறுத்தினார்.

"எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டுவிட்டீர், ஓய். எவன் தட்டினான் என்று கேட்டீர். யாருக்காகத் தட்டினான் என்று கேட்டீரா?"

"கேட்கவில்லை, சார்."

"அதற்குத்தான் அனுபவம் வேண்டும். தட்டினவன் வெறும் கூலி. சர்க்கார் சுவரில், சர்க்கார் வெயிலில், ஓசியில் காய்ந்த வரட்டி எவன் வீட்டு அடுப்பில் எரிகிறதோ, அவன்தான் நிஜக் குற்றவாளி." ஜனங்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "அவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் சரி, இந்த ஸ்டேஷன் வாசலில் விலங்கு போட்டு நிறுத்துவேன்!"

கூட்டம் கை தட்டியது. சின்னராசு மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சமுத்திரத்தைப் பார்த்தார்.

டி.எஸ்.பி.யின் கண்ணில் முனியம்மா பட்டாள்.

"நீ சொல்லு. இங்கேயிருந்து வரட்டி யார் வீட்டுக்குப் போகிறது?"

முனியம்மா வேதாந்தத்தைப் பார்த்தாள்.

"கேக்கறாரு. சொல்லவா சாமி?"

"கேட்டதற்குப் பதில் சொல்!" என்றார் வேதாந்தம்.

அவள் வாயைத் திறப்பதற்குள், ஸ்டேஷனுக்குள்ளிருந்து டிரைவர் ஏசுதாஸ் வந்தான். தோளில் ஒரு கோணிமூட்டை. மூட்டை வாயில் சர்க்கார் சீட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. நேராக டி.எஸ்.பி.யிடம் வந்து மூட்டையை இறக்கி, ஒரு வரட்டியை எடுத்துக் காட்டினான்.

"ஐயா, நம்ப பங்களாவுக்கு எப்பவும் ஏத்தற வரட்டியில இந்த தபா அல்லாத்துலயும் அரக்கு ஒட்டிக்கினு கீதுங்க; அம்மா குளிக்கிற வெந்நீருக்கு ஆவுமா?"